வீட்டில் ஒரு ஈத்து நாய்க்குட்டிகள்: முதல் எட்டு வாரம்

பிறந்த நாய்க்குட்டிக்குக் கண் தெரியாது, காது கேட்காது, உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ள முடியாது. தாய் நக்கிவிடாமல் சிறுநீர்கூடக் கழிக்காது. அதற்குத் தெரிந்ததெல்லாம் சூடு இருக்கும் பக்கம் ஊர்ந்துபோவதும் வாயில் பட்டதைச் சப்புவதும்தான். மிச்ச வேலையைத் தாய் பார்த்துக்கொள்ளும். வளர்ப்பவர் செய்யவேண்டியது, தாய்க்கு இடைஞ்சல் இல்லாமல் கவனிப்பதும், தாயால் முடியாத இடத்தில் நேரத்தோடு கைகொடுப்பதும். அந்த நேரம் எது என்பதைக் கண்ணைவிடச் சீக்கிரமாகச் சொல்லிவிடுபவை இரண்டு: ஒரு சமையலறை டிஜிட்டல் தராசு, ஒரு வெப்பமானி. வேறெதற்கும் செலவு செய்யாவிட்டாலும் இவற்றை வாங்கி வைத்துவிடுங்கள்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை போன்ற நாட்டு இனங்கள், லேப்ரடார் அளவிலான நாய்கள், வாசலில் வந்து குட்டி போட்டுவிட்ட தெருநாய் என எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். பொமரேனியன் போன்ற சிறிய இனங்களுக்கு எடைக்கணக்கு மாறும். அவற்றின் குட்டிகள் குளிருக்கும் பசிக்கும் இன்னும் விரைவாகத் துவண்டுவிடும்.

இடம்

சினைக்காலம் சராசரியாக 63 நாள். இணை சேர்ந்த தேதியிலிருந்து எண்ணினால் 58 முதல் 68 வரை முன்பின் ஆகலாம். நாள் நெருங்குவதற்குப் பத்து நாள் முன்பே ஈனும் பெட்டியைத் தயார்செய்து தாயை அதில் படுக்கப் பழக்க வேண்டும். கடைசி நாளில் இடம் மாற்றினால் அது கட்டிலுக்கு அடியிலோ மாடிப்படிக்குக் கீழோ போய்த்தான் ஈனும்.

ராஜபாளையம், லேப்ரடார் அளவுக்கு 4 அடிக்கு 4 அடி. சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லி உடம்புக்கு மூன்றரை அடிச் சதுரம் போதும். தாய் காலை முழுக்க நீட்டிப் படுக்க முடிய வேண்டும், அதற்குமேல் அதிகம் வேண்டாம்; பெட்டி பெரிதானால் குட்டி மூலையில் தனியாக மாட்டிக்கொண்டு குளிர்ந்துபோகும். சுவர் ஒன்றேகால் அடி உயரம், தாய் தாண்டிவர ஒரு பக்கம் மட்டும் தாழ்வாக. உட்புறம் நான்கு சுவரிலும், தரையிலிருந்து சுமார் 4 அங்குல உயரத்தில், சுவரைவிட்டு 4 அங்குலம் தள்ளி, பிவிசி குழாயோ மரச்சட்டமோ பொருத்துங்கள். தாய் சுவரில் சாய்ந்து படுக்கும்போது முதுகுக்குப் பின்னால் மாட்டிய குட்டி இந்த இடைவெளியில் தப்பிவிடும். ஆரோக்கியமான குட்டிகள் முதல் வாரத்தில் சாவதற்கு நசுங்குவது ஒரு பெரிய காரணம். முதல் ஈத்துத் தாயிடமும் உடம்பு கனத்த தாயிடமும் இது கூடுதல்.

விரிப்புக்குத் துவைத்த பழைய பருத்தி வேட்டி, போர்வை, துண்டு நல்லது. சாக்கு வேண்டாம்: பிரிந்த சணல் நூல் குட்டியின் காலிலும் கழுத்திலும் சுற்றி இறுக்கும். செய்தித்தாள் அடியில் இருக்கலாம், மேல்விரிப்பாக வேண்டாம். வழுக்கும் தரையில் கால் அகன்று அகன்று போய், மூன்று வாரமாகியும் எழுந்து நிற்காமல் நீச்சலடிப்பதுபோலத் தரையில் துழாவும் குட்டிகள் உண்டு. பிடிப்பு உள்ள விரிப்பு இருந்தால் இது பெரும்பாலும் வராது. மொசைக், டைல்ஸ் தரைமேல் நேரடியாக வைக்காமல் இரண்டு அங்குலம் தூக்கி வைத்தால் மழைக்கால ஈரமும் ஏறாது.

நம் ஊரில் இன்னொரு எதிரி எறும்பு. பிறந்த மறுகணமே ரத்த வாசனைக்கும் பால் வாசனைக்கும் வந்துவிடும். ஒரே இரவில் குட்டியின் கண்ணோரத்தையும் தொப்புளையும் கடித்துப் புண்ணாக்கிவிடும். பெட்டிக்குக் கால் வைத்து, நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவதுதான் பழைய வழி, இன்றைக்கும் அதைவிட நல்லது இல்லை. எறும்புப் பொடி, சாக்பீஸ், பினாயில், அந்துருண்டை எதையும் பெட்டிப் பக்கம் கொண்டுவராதீர்கள். வெளித்திண்ணையில் வைத்தால் காகமும் பெருச்சாளியும் குட்டியைத் தூக்கும், எனவே அறைக்குள்ளேயே இருக்கட்டும்.

குட்டி போடும் நாள்

58ஆம் நாளிலிருந்து தாயின் ஆசனவாயில் காலை மாலை வெப்பநிலை பாருங்கள். வழக்கமாக 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும். 99க்குக் கீழே இறங்கினால் அநேகமாக 24 மணி நேரத்துக்குள் வலி தொடங்கும். சோறு மறுப்பது, மூச்சிரைப்பது, விரிப்பைப் பிறாண்டிக் கூடு கட்டுவது எல்லாம் முதல் கட்டம். இது 6 முதல் 12 மணி நேரம் நீடிக்கலாம். பக்கத்தில் வீட்டார் ஒருவர் இருந்தால் போதும். தெருவே கூடி நின்று பார்த்தால் தாய் பயந்து வலியை நிறுத்திவைக்கும்.

ஒவ்வொரு குட்டியும் பையோடு வரும். தலை முதலில் வருவதும் பின்னங்கால் முதலில் வருவதும் இரண்டும் நாய்க்கு இயல்பே. தாய் பையைக் கிழித்து, தொப்புள்கொடியைக் கடித்து, குட்டியை நக்கி எழுப்பும். ஒரு நிமிடத்துக்குள் கிழிக்காவிட்டால் நீங்கள் மூக்குப் பக்கம் கிழித்துவிடுங்கள். காய்ந்த துண்டால் முதுகிலும் மார்பிலும் அழுத்தித் தேய்த்து, மூக்கு வாயிலுள்ள சளியைத் துடைத்து எடுங்கள், தலை சற்றுத் தாழ்வாக இருக்கட்டும். குட்டியைக் கையில் பிடித்துச் சுழற்றி வீசும் பழைய வழக்கம் வேண்டாம், மூளையில் அடிபடும். கொடியைக் கட்டவேண்டி வந்தால் வயிற்றிலிருந்து ஓர் அங்குலம் விட்டுக் கொதிநீரில் போட்டெடுத்த நூலால் கட்டி, கட்டுக்கு அப்பால் வெட்டி, முனையைப் போவிடோன் அயோடினில் நனையுங்கள். கொடியை வயிற்றுப் பக்கமிருந்து இழுக்கவே கூடாது, குடலிறக்கம் வரும்.

குட்டிக்குக் குட்டி அரைமணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி வழக்கம். இரண்டு மூன்று குட்டிக்குப் பிறகு தாய் இரண்டு மணி நேரம் அமைதியாக ஓய்வெடுப்பதும் உண்டு. கீழ்க்கண்டவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்:

- அரைமணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை.
- உள்ளே குட்டி இருப்பது தெரிந்தும் நான்கு மணி நேரமாக எதுவும் இல்லை.
- முதல் குட்டிக்கு முன்பே கரும்பச்சை நீர் வருகிறது. நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டது, குட்டிக்கு மூச்சு இல்லை என்று பொருள்.
- வெப்பநிலை இறங்கி 24 மணி ஆகியும் வலி தொடங்கவில்லை.

நஞ்சுக்கொடிகளை எண்ணிக்கொள்ளுங்கள், குட்டிக்கு ஒன்று. தாய் ஒன்றிரண்டைத் தின்றால் கெடுதல் இல்லை. எல்லாவற்றையும் தின்றால் கழிச்சல் ஆகும். எந்தக் கால்நடை மருத்துவமனை இரவில் திறந்திருக்கும் என்பதை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் மருத்துவமனைகள் உண்டு. ஆபரேஷன் தேவைப்படும் நிலையில் அங்கே போவதே நல்லது.

முதல் நாள்: சீம்பால்

குட்டிக்கு நோய் எதிர்ப்பு சக்தியில் பெரும்பங்கு சீம்பாலிலிருந்துதான் கிடைக்கிறது. குடல் அதை உறிஞ்சும் திறன் பிறந்த சில மணி நேரத்திலேயே குறையத் தொடங்கி, 24 மணியில் அநேகமாக மூடிவிடும். ஆகவே எல்லாக் குட்டியும் போட்டு முடியட்டும் என்று காத்திருக்காமல், பிறக்கப் பிறக்கக் காம்பில் வையுங்கள். அவை சப்புவதே தாயின் கர்ப்பப்பையைச் சுருங்கவைத்து அடுத்த குட்டியையும் தள்ளும். பின்பக்கக் காம்புகளில் பால் அதிகம். இளைத்த குட்டியை அங்கே பிடித்து வைத்து, முரட்டுக் குட்டியை முன்பக்கம் நகர்த்துங்கள்.

அன்றே ஒவ்வொரு குட்டியையும் கையில் எடுத்துப் பாருங்கள். வாயைத் திறந்து மேலண்ணத்தில் பிளவு உண்டா, ஆசனவாய் திறந்திருக்கிறதா, தொப்புளில் வீக்கம் உண்டா, கால்கள் சரியா. பால் குடிக்கும்போது மூக்கு வழியே பால் வந்தால் அண்ணப் பிளவுதான். மனிதர் தொட்டால் தாய் குட்டியை ஒதுக்கிவிடும் என்பது வீண் பயம். ஆனால் தெரியாத தெருநாயாக இருந்தால், அது வெளியே போன நேரம் பார்த்துத் தொடுங்கள். குட்டி போட்ட நாய் கடிக்கும்.

சூடு

முதல் வாரத்தில் குட்டியின் உடல் வெப்பநிலை 95 முதல் 98 டிகிரி ஃபாரன்ஹீட்தான். அதற்கு நடுங்கக்கூடத் தெரியாது. படுக்கை மட்டத்தில் முதல் வாரம் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ், இரண்டு மூன்றாம் வாரம் 26, 27, நான்காம் வாரம் 24 அளவில் இருந்தால் போதும். அறைச் சுவரில் மாட்டிய வெப்பமானி இதற்கு உதவாது. குட்டி படுக்கும் விரிப்பின்மேல் வைத்துப் பார்க்க வேண்டும்.

மார்கழி இரவிலும் ஏ.சி. அறையிலும் பெட்டியின் ஒரு மூலைக்கு மேல் மட்டும் 60 வாட் குண்டு பல்பை இரண்டு அடி உயரத்தில் தொங்கவிடுங்கள். எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. பெட்டி முழுவதும் சூடாக்காமல் ஒரு மூலையை மட்டும் சூடாக்குவதற்குக் காரணம், சூடு அதிகமானால் குட்டி விலகிப்போக இடம் வேண்டும் என்பது. கரண்ட் போனால் வெந்நீர் பாட்டிலைத் துண்டில் இரண்டு சுற்றுச் சுற்றி ஓரத்தில் வையுங்கள், ஆறியதும் எடுத்துவிடுங்கள். ஆறிய பாட்டில் குட்டியின் உடம்புச் சூட்டையே உறிஞ்சிக்கொள்ளும்.

சித்திரை வைகாசியில் பிரச்சினை தலைகீழ். அறையே 36, 37 டிகிரி இருக்கும்போது பல்பு போட்டால் குட்டிகள் நீர் வற்றிச் சாகும். தாயும் சூடு பொறுக்காமல் பெட்டியைவிட்டு வெளியேறி டைல்ஸில் போய்ப் படுத்துக்கொள்ளும். அப்போது பல்பை விலக்கி, ஜன்னலில் ஈரத்துணி கட்டி, காற்றாடிக் காற்று பெட்டிமேல் நேராகப் படாமல் சுவரில் பட்டு வரும்படி வையுங்கள். ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரைக்கு அடியில் கோடைக் குட்டிகளை வைக்கவே கூடாது.

சரியாக இருக்கிறதா என்பதைக் குட்டிகளே காட்டிவிடும். ஒன்றன்மேல் ஒன்று குவியலாக ஏறிக் கிடந்தால் குளிர். தனித்தனியாகச் சிதறி, வாய் திறந்து முனகினால் சூடு. பக்கத்தில் பக்கத்தில் தொட்டும் தொடாமலும் படுத்து, தூக்கத்தில் அவ்வப்போது துள்ளினால் எல்லாம் சரி. அந்தத் துள்ளல் நோயல்ல; நலமான குட்டியின் அடையாளம் அது. துள்ளாமல் கிடக்கும் குட்டிதான் கவலைக்குரியது.

எடை

பிறந்தவுடன் ஒரு முறை, பிறகு தினமும் ஒரே நேரத்தில், ஒரு கிராம் துல்லியமுள்ள தராசில் ஒரு கிண்ணம் வைத்து எடைபோட்டு நோட்டில் எழுதுங்கள். எல்லாம் வெள்ளையாக இருக்கும் ராஜபாளையம் குட்டிகளை அடையாளம் காண, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு காலில் ஒரு நகத்தில் மட்டும் நெயில் பாலிஷ் தடவி, நன்றாகக் காய்ந்தபின் தாயிடம் விடலாம். கழுத்தில் நூல் கட்டினால் தினமும் தளர்த்த வேண்டும். ஒரு வாரத்தில் கழுத்து எவ்வளவு பருக்கும் என்பது பார்க்காதவருக்கு நம்பமுடியாது.

கணக்கு இதுதான். முதல் நாளில் 10 விழுக்காடு வரை குறைந்தால் பரவாயில்லை. இரண்டாம் நாளிலிருந்து தினமும் 5 முதல் 10 விழுக்காடு ஏற வேண்டும். 7 முதல் 10 நாளில் பிறந்த எடை இரட்டிப்பாக வேண்டும். 300 கிராமில் பிறந்த குட்டி மறுநாள் 285 ஆகலாம். மூன்றாம் நாள் 310ஐத் தாண்டியிருக்க வேண்டும். பத்தாம் நாள் 600க்கு அருகில் நிற்க வேண்டும். ஒருநாள் எடை ஏறாமல் நின்றால் அந்தக் குட்டியைப் பின்காம்பில் தனியாக வைத்துக் குடிக்கவிட்டு, 12 மணி நேரத்தில் மறுபடி எடை பாருங்கள். இரண்டாம் நாளும் ஏறாவிட்டால், பார்வைக்குக் கொழுகொழுவென்று இருந்தாலும், ஏதோ ஒன்று சரியில்லை.

குடித்த குட்டி தூங்கும். ஒரு கால்மணிக்கு மேல் விடாமல் கத்தும் குட்டிக்குப் பசியோ குளிரோ வலியோ இருக்கிறது. எட்டு, ஒன்பதுக்கு மேல் குட்டிகள் இருந்தால் இரண்டு கூட்டமாகப் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கூட்டமாகத் தாயிடம் விடுங்கள். விலக்கி வைத்த கூட்டத்துக்கும் சூடு வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

துவண்ட குட்டி

கூட்டத்தைவிட்டு விலகிக் கிடக்கிறது, தொட்டால் குளிர்கிறது, தூக்கினால் ஈரத்துணியாகத் தொங்குகிறது, சப்பவில்லை. இப்படி ஒரு குட்டியைக் கண்டதும் எல்லோரும் முதலில் செய்வது பால் புகட்டுவது. குட்டியைக் கொல்வதும் பெரும்பாலும் அதுதான். உடல் வெப்பநிலை 94 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் குடல் அசைவு நின்றுவிடும். உள்ளே போன பால் செரிக்காமல் புளித்து வயிறு உப்பும், மேலே எதுக்களித்து நுரையீரலுக்குள் போகும்.

சூடு, சர்க்கரை, பால். இந்த வரிசை மாறக்கூடாது.

முதலில் சூடு. உங்கள் நெஞ்சோடு சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது துண்டில் சுற்றிய வெதுவெதுப்பான பாட்டிலின் பக்கத்தில் வைத்து அடிக்கடி புரட்டிவிடுங்கள். ஒரு மணி முதல் மூன்று மணி நேரத்தில் மெல்ல ஏற வேண்டும். ஹேர் டிரையர், அடுப்பங்கரை, கொதிக்கும் வெந்நீர் வேண்டாம். திடீர்ச் சூட்டில் தோலுக்கு ரத்தம் ஓடி உள்ளுறுப்புகள் தவித்துப்போகும். சூடேறும்போதே 50 மி.லி. வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி குளுக்கோஸ் கரைத்து, ஒன்றிரண்டு துளியாக ஈறிலும் நாக்கிலும் தடவுங்கள். 96 டிகிரியைத் தாண்டி, வாயில் விரல் வைத்தால் சப்பத் தொடங்கிய பிறகுதான் பால். இரண்டு மூன்று மணி நேரத்தில் தேறாவிட்டால், அல்லது ஒரே ஈத்தில் இரண்டாவது குட்டியும் இப்படி ஆனால், மருத்துவரிடம் போங்கள். கிருமித் தொற்றோ வைரஸோ காரணமாக இருக்கலாம். மற்ற குட்டிகளையும் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

நீர் வற்றியதா என்று பார்க்க, ஈறைத் தொடுங்கள். வழுவழுப்பாக இல்லாமல் விரலில் ஒட்டினால் வற்றியிருக்கிறது. பச்சைக்குட்டியின் சிறுநீர் அநேகமாக நிறமற்று இருக்க வேண்டும், அடர்மஞ்சள் என்றால் நீர் போதவில்லை.

தாய்ப்பால் இல்லாதபோது

பசும்பாலில் நாய்ப்பாலில் உள்ளதைவிடக் கொழுப்பும் புரதமும் பாதிக்கும் கீழே. லாக்டோஸ் மட்டும் கூடுதல். அதில் தண்ணீர் வேறு கலந்து கொடுத்தால் குட்டி வயிறு நிறையக் குடித்தும் பட்டினி கிடக்கும், கூடவே கழிச்சல். நாய்க்குட்டிக்கான பால்பவுடர் செல்லப்பிராணிக் கடைகளிலும் கால்நடை மருந்துக் கடைகளிலும் கிடைக்கும். டப்பாவில் சொன்ன அளவிலேயே கரையுங்கள். அது கைக்கு வரும்வரை ஒன்றிரண்டு நாளைக்கு: தண்ணீர் சேர்க்காத கொழுப்பு நிறைந்த பால் 250 மி.லி., முட்டை மஞ்சள் கரு 3, சமையல் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. நன்றாக அடித்து வடிகட்டி ஃபிரிட்ஜில் வைத்து, ஒருநாளுக்குள் தீர்த்துவிடுங்கள். தேன் வேண்டாம்.

அளவு: முதல் வாரத்தில் 100 கிராம் எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 20 மி.லி. 300 கிராம் குட்டிக்கு 60 மி.லி.; மூன்று மணிக்கு ஒரு தடவை, இரவும் சேர்த்து எட்டுத் தடவை, தடவைக்கு 7 அல்லது 8 மி.லி. ஒரு தடவையில் 100 கிராமுக்கு 4 மி.லி.யைத் தாண்டக்கூடாது, இரைப்பை அவ்வளவுதான் கொள்ளும். எடை ஏற ஏறக் கணக்கையும் தினமும் திருத்துங்கள். மூன்றாம் வாரத்தில் தடவைகளை நான்கைந்தாகக் குறைக்கலாம்.

பால் மணிக்கட்டில் விட்டால் வெதுவெதுப்பாக, 100 டிகிரி ஃபாரன்ஹீட் அளவில் இருக்கட்டும். குட்டி வயிறு தரையில் பட, தலை சற்றே நிமிர்ந்து, தாயிடம் குடிக்கும் வாக்கிலேயே குடிக்க வேண்டும். மனிதக் குழந்தையைப்போல மல்லாத்திப் பிடித்தால் பால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். கையால் பால் புகட்டி வளர்ப்பதில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். பாட்டிலைக் கவிழ்த்தால் துளி மெல்லத் திரண்டு சொட்ட வேண்டும், ஒழுகக்கூடாது. சிரிஞ்ச் என்றால் ஊசி இல்லாமல், குட்டி சப்பும் வேகத்துக்குத் தள்ளுங்கள். மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்துங்கள். குழாய் மூலம் புகட்டுவதை மருத்துவரிடம் நேரில் பார்த்துக் கற்காமல் செய்ய வேண்டாம்.

ஒவ்வொரு முறை குடித்த பின்பும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் மென்மையாகத் தடவ வேண்டும். தாய் நக்குவதற்குப் பதில் இது. இல்லாவிட்டால் சிறுநீர் கட்டும், மலம் இறுகும். மூன்றாம் வாரம் முடியும்போது தானாகவே போகும். மலம் மஞ்சளாக, பற்பசை பதத்தில் இருக்க வேண்டும். வெள்ளைத் திப்பியாகவோ பச்சையாகவோ தண்ணீராகவோ போனால் அளவு அதிகம் அல்லது தொற்று.

தாய்க்கு

பால் உச்சத்துக்கு வருவது மூன்று, நான்காம் வாரத்தில். அப்போது குட்டிகளின் எண்ணிக்கையைப் பொறுத்து வழக்கமான உணவைப்போல இரண்டு முதல் நான்கு மடங்கு தேவைப்படும். நாய்க்குட்டிக்கான உலர் உணவையே தாய்க்கும் கொடுப்பது எளிது. வீட்டுச் சோறு என்றால் கோழி, முட்டை, மீன், ஈரல் சேர்த்து நாளைக்கு நான்கு வேளை. தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் நிறைந்து, ஆனால் குட்டி விழாத இடத்தில் இருக்கட்டும். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பதுபோலப் பூண்டுக் குழம்பு ஊற்றிக் கொடுக்கும் அன்பைத் தவிருங்கள். பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுவைச் சிதைக்கும்.

கால்சியம் டானிக்கைச் சினைக்காலத்தில் தாராளமாக ஊற்றுவதும் தவறு. வெளியிலிருந்து அளவுக்குமேல் வந்தால் உடம்பு தன் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் பழக்கத்தைக் குறைத்துக்கொள்ளும். பால் பெருகும்போது திடீரெனத் தட்டுப்பாடு வந்துவிடும். இரண்டு மூன்று வாரத்தில், சிறிய இனங்களில் அதிகமாக, தாய் நிலைகொள்ளாமல் தவித்து, மூச்சிரைத்து, கால் விறைத்து நடந்து, உடம்பு வெடவெடத்தால் அது கால்சியக் குறைவு. சில மணி நேரத்தில் வலிப்பு வந்து சாகும். குட்டிகளைப் பிரித்துவிட்டு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். நரம்பில் மெல்ல ஏற்றும் கால்சியம்தான் மருந்து, வாயில் ஊற்றும் டானிக் அல்ல.

மடியைத் தினமும் தடவிப் பாருங்கள். ஒரு காம்பு மட்டும் கல்லாக, சூடாக, சிவந்து வலித்தால் மடிநோய். குட்டியின் கூர்நகக் கீறல்தான் பலமுறை தொடக்கம். அதனால் முதல் வாரக் கடைசியிலிருந்து வாரம் ஒருமுறை நகமுனையை மட்டும் நறுக்குங்கள். செம்பழுப்புக் கசிவு மூன்று வாரம்வரை இருப்பது இயல்பு. நாற்றம், காய்ச்சல், சோறு மறுப்பு சேர்ந்தால் கர்ப்பப்பைத் தொற்று. பாராசிட்டமால், ஐபுரூஃபன் போன்ற நம் வீட்டு மாத்திரைகளைத் தாய்க்கோ குட்டிக்கோ கொடுக்கக்கூடாது.

புழு, உண்ணி

உருண்டைப் புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு ஏறிவிடும், பால் வழியாகவும் வரும். அதனால் சுத்தமான வீட்டுக் குட்டிக்கும் இரண்டாம் வாரத்திலேயே குடற்புழு நீக்கம் தொடங்க வேண்டும்: 2, 4, 6, 8 வாரங்களில். குட்டிகளுக்கான, பைரன்டெல் சேர்ந்த திரவப் புழு மருந்தை, அன்றைய எடைக்கு மருத்துவர் சொல்லும் அளவில். தாய்க்கும் சேர்த்துக் கொடுக்காவிட்டால் பாதி வேலைதான். சாப்பிட்டபின் பானைபோல வயிறு, மங்கிய முடி, துருத்திய விலா என்றால் புழு. இதே புழுவின் முட்டை குழந்தைகளுக்கும் தொற்றும், ஆகவே குட்டியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

உண்ணியும் தெள்ளும் சின்னக் குட்டியின் ரத்தத்தைக் குடித்தே சோகை பிடிக்கவைக்கும். பெரிய நாய்க்குப் பயன்படுத்தும் உண்ணி மருந்துக் குளியலில் குட்டியை முக்காதீர்கள். தாயின் மடியிலும் அது படக்கூடாது. கையால் பிடுங்கி, சீப்பால் வாரி, விரிப்பை இரண்டு நாளுக்கு ஒருமுறை கொதிநீரில் துவைத்தாலே பாதி குறையும். மிச்சத்துக்கு, பச்சைக்குட்டிக்கும் ஏற்ற மருந்து எது என்று மருத்துவரைக் கேளுங்கள்.

சோறு பழக்குதல்

10 முதல் 14 நாளில் கண் திறக்கும்; தாமதமானால் விரலால் பிரிக்க வேண்டாம். மூடிய இமைக்குள் சீழ் கட்டி வீங்கினால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். 14 முதல் 18 நாளில் காது திறக்கும். மூன்றாம் வாரம் கடந்து பல் முளைக்கத் தொடங்கியதும் தாய் எழுந்து நின்றே பால் கொடுக்கப் பார்க்கும். அதுவே சோறு பழக்கும் நேரம்.

குட்டிகளுக்கான உலர் உணவு ஒரு பங்குக்கு வெந்நீர் மூன்று பங்கு. அரைமணி ஊறவைத்துக் கூழாகப் பிசைந்து தாழ்ந்த தட்டில் வையுங்கள். முதல் இரண்டு நாள் தின்பதைவிட அதில் நடப்பதுதான் அதிகம் இருக்கும். மூக்கைப் பிடித்து முக்காதீர்கள், விரலில் தொட்டு நக்கவிடுங்கள். நாளைக்கு நான்கு வேளை. 20 நிமிடத்தில் தட்டை எடுத்துவிட்டு மிச்சத்தைத் தாய்க்குக் கொடுங்கள். வாராவாரம் தண்ணீரைக் குறைத்து, ஏழாவது வாரத்தில் உலர்ந்ததையே கடிக்கும்படி கொண்டுவாருங்கள்.

வீட்டுச் சாப்பாட்டிலேயே வளர்ப்பவர்கள் குழைந்த சோற்றில் வேகவைத்து மசித்த கோழியும் முட்டையும் சேர்க்கலாம், அதில் சரிபாதியாவது இறைச்சியும் முட்டையுமாக இருக்கட்டும். பால்சோறு, பிஸ்கட், கேழ்வரகுக் கூழ் இவற்றில் மட்டும் வளர்ந்த குட்டிதான் இரண்டாம் மூன்றாம் மாதத்தில் முன்னங்கால் வளைந்து நிற்கிறது. கேழ்வரகில் கால்சியம் உண்டு என்றாலும் அதிலுள்ள ஃபைடேட் என்னும் பொருள் அதை உறிஞ்சவிடாது. வெறும் இறைச்சியும் சோறும் கொடுத்தாலும் இதே குறைதான், இறைச்சியில் கால்சியம் மிகக் குறைவு. கால்சியம் எவ்வளவு சேர்ப்பது என்பதைக் குட்டியின் எடையைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய இனங்களுக்கு அதிகமானாலும் எலும்பு கெடும்.

பார்வோவும் தடுப்பூசியும்

தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி 6 முதல் 16 வாரத்துக்குள் ஏதோ ஒரு நாளில் தீர்ந்துவிடும். எந்தக் குட்டிக்கு எப்போது என்று சொல்ல முடியாது. அது மிச்சம் இருக்கும்வரை தடுப்பூசியையும் வேலைசெய்யவிடாது. ஒரே ஊசி போதாமல் போவதன் காரணம் இதுவே. 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, பிறகு 16 வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை; வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில்.

சோறு மறுத்து, வாந்தி எடுத்து, ரத்தம் கலந்த, குடலைப் புரட்டும் நாற்றத்தோடு கழிந்தால் பார்வோ என்னும் வைரஸ் நோய் என்றே எண்ணி அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இந்த வைரஸ் மண்ணில் பல மாதம் உயிரோடு இருக்கும், செருப்பில் ஒட்டி வீட்டுக்குள் வரும். பினாயில் அதைக் கொல்லாது. குட்டிகளை அகற்றிவிட்டு, மலத்தைக் கழுவியபின், சலவை பிளீச் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். பிளீச்சோடு ஆசிட் எதையும் கலக்காதீர்கள். குட்டி பார்க்க வரும் நண்பர்களைச் செருப்பை வெளியே விடச்சொல்வதும் கைகழுவச் சொல்வதும் மரியாதைக் குறைவு ஆகாது.

தெருநாயின் குட்டிகளுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. தாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்ட விவரம் தெரியாவிட்டால், குட்டியின் பல்லோ நகமோ பட்டாலும் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். குட்டிதானே என்று விட்டுவிடக்கூடாது.

பழக்கங்கள், பிறகு அனுப்புதல்

மூன்றாம் வாரம் முதல் மூன்றாம் மாதம்வரை பார்த்ததும் கேட்டதும்தான் குட்டிக்கு உலகம். குக்கர் விசில், மிக்ஸி, பைக், குழந்தைகள், குடை, தொப்பி எல்லாவற்றையும் தூரத்திலிருந்து தொடங்கி அறிமுகப்படுத்துங்கள். தினமும் ஒவ்வொன்றையும் தனியாகத் தூக்கி, காது, வாய், பாதம் தொட்டுப் பழக்குங்கள். மூன்று வாரத்திலேயே தூங்கும் இடத்தைவிட்டுத் தள்ளிப்போய்ச் சிறுநீர் கழிக்கத் தொடங்கும். அந்த மூலையில் செய்தித்தாளோ மண் தட்டோ வைத்தால் பாதிப் பயிற்சி முடிந்தது.

ராஜபாளையம் போன்ற வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு உண்டு. ஐந்தாம் வாரத்தில் ஒவ்வொரு குட்டியையும் தனியே பிரித்துச் சோதியுங்கள். கூட்டத்தோடு இருந்தால் மற்றவை எழுவதைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் எழுந்துவிடும். தூங்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள், தரை அதிராமலும் காற்று படாமலும். கேட்காத குட்டியை வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், இனப்பெருக்கத்துக்குக் கொடுக்காதீர்கள்.

எட்டு வாரத்துக்கு முன் பிரிக்காதீர்கள். கடியின் அளவைக் குட்டி கற்பது உடன்பிறந்தவற்றிடம்தான். அழுத்திக் கடித்தால் மற்றது கத்தி விளையாட்டை நிறுத்திவிடும். சீக்கிரம் பிரித்த குட்டி அந்தப் பாடத்தைப் புது வீட்டுக் குழந்தையின் கையில் படிக்கும். 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளும் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்பதைத் தடைசெய்கின்றன. அனுப்பும்போது தடுப்பூசி அட்டை, புழு மருந்து கொடுத்த தேதிகள், நான்கைந்து நாளுக்கான பழகிய உணவு, தாயின் வாசனை உள்ள ஒரு துணி ஆகியவற்றைக் கூடவே கொடுங்கள். உணவை மாற்றுவதாக இருந்தால் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றச் சொல்லுங்கள்.

எல்லாக் குட்டிகளையும் ஒரே நாளில் அனுப்பாமல் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் அனுப்பினால் தாயின் மடி கட்டாது. கடைசிக் குட்டி போகும் வாரத்தில் தாயின் உணவைப் படிப்படியாகப் பழைய அளவுக்குக் குறையுங்கள், மடியைப் பீய்ச்சாதீர்கள். பீய்ச்சினால் இன்னும் சுரக்கும். பால் முழுவதும் வற்றியதும் கருத்தடை அறுவைக்கு நாள் கேட்டு வையுங்கள். அடுத்த பருவம் வர ஆறேழு மாதம் ஆகும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டவர்கள் வீட்டில்தான் இரண்டாவது ஈத்து பிறக்கிறது.